கடல் பக்கத்து ஜன்னல்

சொந்த ஊரான தூத்துக்குடிக்குப் போயிருந்த அம்மா அங்கேயே இறந்த செய்தி வந்தபோது நான் அந்தமானின் லாங் ஐலண்டில் வேலையில் இருந்தேன். புயல் எச்சரிக்கை, போர்ட் பிளேர் போகும் போட்டை நிறுத்திவிட்டார்கள். அங்கேயே போக முடியாதவள் விமானம் ஏறுவது எங்கே? கடைசியாக முகம் பார்க்க விடவில்லை இந்தக் கடல். குவார்ட்டர்ஸில் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். உள்ளே புழுங்கித் தள்ளியது.

"கடலோட கோவிச்சுக்கிட்டு தீவுல எங்க போயி குடியிருப்ப?" என்றார் கணவர்.

சில மாதங்கள் கழித்து, போர்ட் பிளேரில் தமிழர்கள் நடத்தும் ஆண்டு விழாவில் இயற்கை பற்றிக் கவிதை வாசிக்க அழைத்தார்கள். அம்மா போன பிறகு ஒரு வரிகூட எழுதியிராத நான், வழக்கம்போலத் தாமிரபரணியை எழுதினேன். இங்கே பிறந்த எங்களுக்கு அது ஒரு வியாதி. பார்க்காத ஆற்றை உருகி உருகி எழுதுவோம்.

கணவர் படித்துவிட்டுச் சிரித்தார். "நீ பொறந்து வளந்தது இங்க பெரார்கஞ்ச்ல. அந்த ஆத்துல ஒரு தடவையாச்சும் கால நனைச்சிருக்கியா?"

சுருக்கென்றது. கிழித்துப் போட்டேன். கண்ணால் பார்ப்பதைத்தான் எழுதுவது என்று முடிவு செய்து ஜன்னலைத் திறந்தேன்.

முதலில் வந்ததெல்லாம் கடலுக்கான வசவு. ஆனால் திட்டுவதற்கும் சரியான சொல் வேண்டுமே. அதற்காக உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. தண்ணீர் வற்றினால் கரையோரக் கண்டல் மர வேர்களுக்கிடையே நண்டுகள் அவசர அவசரமாக எதையோ பொறுக்கித் தின்னும். மழை நின்றதும் கடல் வெளிறிய பச்சைக்கு மாறும். ஒரு காலையில், இன்றைக்கு என்ன நிறமோ என்று காபியைக்கூட மறந்து ஜன்னலுக்கு ஓடினேன். மனசு லேசாகியிருந்தது. அது எனக்கே கோபமாகவும் இருந்தது. ஆனாலும் கவிதையை விடவில்லை.

விழாவுக்குக் கிளம்பிய அன்று போட் ஏறும் ஜெட்டியில் ஊழியர் கையை விரித்தார். "மௌசம் கராப் ஹை. ஆஜ் போட் நஹி ஜாயேகா."

வானிலை மோசமாம். மறுபடியும் போட் இல்லை. கணவர் பையைத் தூக்கிக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

"வாசிச்சிட்டுத்தான் வருவேன்."

ஜெட்டியின் நுனிக்குப் போய் நின்றேன். கவிதை முழுக்க நான் 'நீ' என்று கூப்பிட்ட கடல் எதிரேதான் இரைந்துகொண்டிருந்தது. அதற்கும் மேலே குரலை உயர்த்திப் படித்தேன். அம்மா வரும் வரியில் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. முடித்த பிறகுதான், அம்மா இறந்த நாளிலிருந்து வராத அழுகை வந்தது.