அறுபத்தொன்றாவது பக்கம்

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். எண்ணெய் பிழியும் செம்பனைக் குலை தூக்கினேன், லோரி கழுவினேன், தங்கிய இடங்களிலெல்லாம் வீடியோ பார்த்து புரோகிராம் எழுதப் பழகினேன். தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிப்போகும் ஃபேக்டரி பஸ்ஸுக்கு ஓர் இணையத்தளம் செய்து கொடுத்தேன். கடவுச்சொல் போட்டு நுழைந்தால், எங்கே, எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று அவரவர் பக்கம் காட்டும்.

"நான் ஏறுற எடத்த யாருக்கும் காட்டாதீங்கண்ணே" என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். அடித்த கணவனை விட்டுக் கெர்லிங்குக்கு வந்திருந்தாள். அவனும் அதே ஃபேக்டரிதான், வேறு ஷிப்ட். கடவுச்சொல்தான் இருக்கிறதே என்று நான் கவலைப்படவில்லை.

தளம் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தது. ஒரு மாலை சுங்கை பெசார் சாப்பாட்டுக்கடையில் மடிக்கணினியைத் திறந்து, யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்ற பதிவைப் படித்தேன். அந்தக் கணவன் தன் கடவுச்சொல்லோடுதான் நுழைந்திருந்தான். பிறகு பக்கத்தின் முகவரிக் கடைசியில் இருந்த எண்ணை மாற்றியிருக்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று. அறுபத்தொன்றில் நின்றுவிட்டான். அது அவள் பக்கம்.

உள்ளே வருபவன் யார் என்று கேட்க எழுதியிருந்தேன். அவன் கேட்கும் பக்கம் அவனுடையதா என்று கேட்க எழுதவில்லை.

அவளை அழைத்தேன். ஏற்கெனவே ஸ்டாப்பில் நின்றிருந்தாள்.

"எதுத்தாப்புல அவரு மோட்டார் சைக்கிள் நிக்குதுண்ணே."

"போன வைக்காதம்மா. பின்னால மளிகைக்கடை இருக்குல்ல, உள்ள போயிரு."

சாப்பாட்டுக்கடை பாயிடம் கைப்பேசி வாங்கி பஸ் டிரைவரைப் பிடித்தேன். "ஸ்டாப்புல நிறுத்தாதீங்கண்ணே, மளிகைக்கடை வாசல்ல ஒட்டி நிறுத்துங்க."

"ஸ்டாப்ப மாத்தக் கூடாதுன்னு நீதான கம்ப்யூட்டர்ல போட்டு வெச்ச? இப்ப நீயே மாத்துறியா லா?"

"அவ புருஷன் வெளிய நிக்கிறான்."

பஸ் வேகமெடுக்கும் சத்தம் கேட்டது.

மற்றக் காதில் அவள் மூச்சு. பிறகு ஓர் ஆண் குரல்: "வெளிய வாடி." கடைக்காரப் பெண் மலாயில் அதட்டினாள். ஹாரன் விடாமல் அடித்தது. பஸ் கதவு சாத்தும் சத்தம்.

"ஏறிட்டேன்" என்றாள். "உங்ககிட்ட சொன்னேனேண்ணே."

விடுபட்ட வரியை அங்கேயே எழுதிச் சேர்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் அவள் வேலையையும் விட்டாள், கெர்லிங்கையும் விட்டாள். எங்கே போனாள் என்று டிரைவருக்குத் தெரியும்.

"ஒனக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னுட்டா" என்றார்.