முன்னே போகாத வண்டியும் லில்லிபாய் சிஸ்டரும்

காலை பத்து மணி இருக்கும். பாறசாலையில் என் லேத் பட்டறையில் ஒரு புஷ்ஷைக் கடைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. கை முழுக்க எண்ணெய், எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது. எடுத்தால் குளத்தூர் சுகுமாரன், லில்லிபாய் சிஸ்டரின் பக்கத்து வீட்டுக்காரர். மலையாளத்தில் தொடங்கியவர் பாதியில் தமிழுக்கு மாறி, "ஸ்டீபா, நம்ம சிஸ்டரு போயாச்சு" என்றார். விடியும்போது நெஞ்சு வலித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நான் லேத்தை நிறுத்தினேன். முப்பது வருடத்தில் ஒரு கடைசலைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே இறங்கியது அன்றுதான்.

நம் சபையின் இந்த மாத இதழைக் கையில் எடுக்கும் எல்லோருக்கும் சிஸ்டரைத் தெரியும். பாடகர் குழுவில் மூன்றாவது வரிசை, பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர், ஊசி போட்டால் வலிக்காத கை. அதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத வந்தது அவர் செய்த, மண் அள்ளும் லோடர் வண்டியைப் பற்றி. அந்த வண்டியைச் செய்தது நான் என்றுதான் நீங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

சிஸ்டர் இருபத்தெட்டு வருடம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவர். முதலில் திருவனந்தபுரம், பிறகு வளைகுடா. கணவர் டேனியல் அண்ணன் பஸ் கண்டக்டர். அவர் "பாறசாலை, பாறசாலை" என்று கூவினால் பஸ் வளைவு திரும்புவதற்குள் சத்தம் ஸ்டாப்புக்கு வந்துவிடும். சிஸ்டர் வேலையை விட்டு ஊருக்கு வந்த இரண்டாம் வருடம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, அந்தக் குரலும் குழறிப்போனது. அவர்கள் வீடோ ரோட்டிலிருந்து பள்ளத்தில் இருக்கிறது. நடுவில் நாலடி அகலத்தில் ஓர் இடவழி, நூற்றைம்பது காலடி தூரம். வாரம் இரண்டு முறை உடற்பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்குவார்கள். தூக்கும்போதெல்லாம் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

"பயந்து மூடல்ல மக்கா. வெக்கப்பட்டாக்கும் மூடுதாரு," என்று சிஸ்டர் என்னிடம் சொன்னார். "ஒரு காலத்துல பஸ்ஸு நெறைய ஆள ஏத்தி எறக்குன மனுசன். இப்பம் வாழக்குல மாதிரி தூக்கிட்டுப் போறாவ. எனக்குப் பொறுக்கல்ல."

வழியின் ஒரு பக்கம் முழுவதும் சிஸ்டருடைய மேட்டுநிலம். அதை வெட்டி இறக்கினால் வீட்டு வாசல் வரை ஆட்டோ வரும். ஆனால் வழி தொடங்கும் இடத்தில் கால்வாய்க்கு மேல் ஒரு பழைய கல்பாலம் இருக்கிறது. அது ஆட்டோவைத் தாங்கும், ஜேசிபியைத் தாங்காது. கூலிக்கு ஆள் வைத்து மண்ணைச் சுமக்கலாம் என்றால், இரண்டு நாள் வந்தவர்கள் மூன்றாம் நாள் வரவில்லை. அந்த நிலையில்தான் ஒரு நாள் சிஸ்டர் நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் லேத்துக்கு வந்தார்.

"எலே ஸ்டீபா, எனக்கொரு வண்டி செய்யணும். முன்னால மண்ணு அள்ளுக தொட்டி. அகலம் மூணரை அடி. அதுக்கு மேல ஒரு வெரலு கூடப்பிடாது."

நான் சிரித்தேன். சிரித்தது தப்பு. நோட்டைத் திறந்தால் அளவோடு படம் வரைந்து வைத்திருந்தார். இன்டர்நெட்டில் வெள்ளைக்காரர்கள் தோட்டத்து டிராக்டரில் தொட்டி கட்டி ஓட்டுவதை ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "வட்டு பிடிச்சாச்சு", பைத்தியம் என்று ஊரில் பேசினார்கள். நானும் அப்படிப் பேசியவர்களில் ஒருவன்தான்.

முதல் வண்டியை ஒரு பழைய சரக்கு ஆட்டோவிலிருந்து செய்தோம். என்ஜின், கியர், பின்சக்கரத்துக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரங்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதை அப்படியே பின்னால் வைத்தோம். முன்னால் தொட்டி. வண்டி ஓடியது. அறுபத்தோரு வயதில் சிஸ்டர் நைட்டிக்கு மேல் பழைய தியேட்டர் கோட்டை மாட்டிக்கொண்டு அதை ஓட்டினார். இரண்டு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு வழி அகலமானது. ஆனால் தொட்டி நிறைந்தால் பின்பக்கம் எழும்பும், சக்கரம் செம்மண்ணில் வழுக்கிச் சுற்றும், திடீரென்று பிடிக்கும். அப்படி ஒரு நாள் பிடித்தபோது பெட்டிக்குள் சட்டி உடைந்த மாதிரி ஒரு சத்தம். திறந்தால் உள்ளே பல் உடைந்த சக்கரங்கள் நாலு.

அதே வாரம் அண்ணனைத் தூக்குகிறவர்களில் ஒருவனுக்கு விசா வந்தது. இன்னொருவருக்குக் குடலிறக்கம். மிச்சம் இரண்டு பேர். அடுத்த மாதம் முதல் அண்ணன் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. "பயிற்சிய விட்டா பெறவு அந்தக் கையி எழும்பாது," என்று சிஸ்டர் சொன்னார். அழவில்லை. உடைந்த பல் ஒன்றை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

இந்த முறை ஒரு சின்ன காரிலிருந்து பெட்டி வாங்கினோம். காரின் முன்சக்கரங்களை ஓட்டுகிற பெட்டி, ஆட்டோவினுடையதைவிட இரண்டு மடங்கு பலம். பழைய லாரி அச்சைக் கடைந்து தடித்த அச்சு செய்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் சின்னப் பற்சக்கரத்திலிருந்து பெரிய பற்சக்கரத்துக்குச் சங்கிலி போட்டு வேகத்தைப் பாதியாக்கினேன். பெட்டியின் மேல் நேராகச் சட்டத்தை வைத்து முடுக்கலாம் என்றேன். சிஸ்டர் விடவில்லை. "இது அலுமினியமாக்கும். எலும்புக்க வேலைய எலும்புதான் செய்யணும், கொடலுக்குக் குடுக்கப்பிடாது." பெட்டியைச் சுற்றி இரும்பில் ஒரு தொட்டில் கட்டி, சுமை முழுவதும் அதில் இறங்கும்படி செய்தோம். அந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சிஸ்டர் வீட்டுத் திண்ணையில் பெட்டியைப் பிரித்துச் சேர்த்த நாளை என்னால் மறக்க முடியாது. சிஸ்டர் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்து, நோட்டில் எண்ணிக்கை எழுதினார். சேர்த்து முடித்து நான் மூடியைக் கையில் எடுத்தபோது, "நில்லு, எண்ணணும்" என்றார். கியர் கம்பியைப் பிடித்து நிறுத்தும் எஃகுக் குண்டுகள் மூன்று. பொருத்தியது இரண்டு. துணியில் ஒன்று இருக்க வேண்டும், இல்லை.

"கடுகு போல ஒரு குண்டு சிஸ்டர். வேற போட்டுக்கலாம்."

"வேற போடலாம். காணாமப் போனது எங்க கெடக்குன்னு நீ சொல்லு. பெட்டிக்க வயித்துக்குள்ள இருந்தா?"

பெட்டியை மறுபடி முழுவதும் பிரித்தோம். இல்லை. தரையைக் காந்தத்தால் தடவினோம். அதிலும் இல்லை. மதியச் சாப்பாடு போனது. எனக்குக் கோபம் தலைக்கேறி, கத்தியேவிட்டேன். சிஸ்டர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஸ்டீபா, அந்தச் சாரத்த அவுத்து ஒண்ணு ஒதறு" என்றார். லுங்கிச் சாரத்தை மடித்துக்கட்டிக் குந்தியிருந்து வேலை செய்பவன் நான். இத்தனை வருடம் தியேட்டரில் இருந்தவருக்கு வெட்கம் ஏது. திரும்பி நின்றுகொண்டார். மடிப்பை இறக்கியதும் குண்டு டங்கென்று தரையில் விழுந்து உருண்டது. அவர் சிரித்து நான் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. சாளரம் ஓரம் படுத்திருந்த டேனியல் அண்ணனும் தோள் குலுங்கச் சிரித்தார்.

அவ்வளவு கவனமாக எண்ணி மூடிய பெட்டியைத்தான் நான் கெடுத்தேன். வண்டிக்கு வால் நீண்டால் இடவழியில் திரும்பாது என்று, பெட்டியை முன்பின்னாகத் திருப்பி, என்ஜின் இருக்கைப் பக்கம் வரும்படி வைத்து முடுக்கினேன். திருப்பினால் சக்கரமும் எதிர்ப்பக்கம் சுற்றும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரிய வேண்டியது. எனக்குத் தோன்றவில்லை.

ஓட்டிப் பார்க்கும் அன்று வழி நெடுக ஆள். சிஸ்டர் ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டார். வண்டி பின்னால் போனது. இரண்டாவது போட்டார், இன்னும் வேகமாகப் பின்னால் போனது. நாலு கியரும் பின்னால். ரிவர்ஸ் ஒன்றுதான் முன்னால். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சுகுமாரன் மதில் மேலிருந்து, "சேச்சியே, இது பொறகோட்டு மாத்ரம் ஓடுந்ந வண்டியாணோ?" என்று, பின்னால் மட்டும் ஓடுகிற வண்டியா இது என்று கேட்டார். இனி பாறசாலையில் யார் என்னை நம்பி ஓர் அச்சைக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அதைவிட, அடுத்த மாதம் அண்ணனை யார் தூக்குவார்கள் என்று நினைத்தபோது எனக்குச் சிஸ்டரின் முகத்தைப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

சிஸ்டர் என்ஜினை அணைத்தார். இருக்கையிலேயே அப்படியே திரும்பி, கால்களை மறுபக்கம் தொங்கவிட்டு, பின்புறத்தைப் பார்த்து உட்கார்ந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சிரிக்காதுங்கோ. அவன் தெரிஞ்சிட்டுத்தான் இப்பிடி வச்சிருக்கான். இனி இதாக்கும் முன்பக்கம். தொட்டிய இங்க மாத்தணும், அம்புடுதான்."

மூன்று நாளில் இருக்கையைத் திருப்பினோம், தொட்டியை அறுத்து மறுபக்கம் பற்றவைத்தோம். இப்போது மண்ணின் பாரம் ஓட்டுகிற சக்கரத்தின் மேலேயே விழுந்தது. வழுக்கல் நின்றது. அந்த இரும்புத் தொட்டில் பாரத்தைத் தாங்கியது. திருப்புகிற சக்கரம் பின்னால் போனதால், நாலடி வழியில் வண்டி ஆட்டுக்குட்டி போல நின்ற இடத்தில் திரும்பியது. நான் வைத்த தப்பு, முதல் வண்டியின் நோயையே தீர்த்துவிட்டது. ஐந்து வாரத்தில் வழி முடிந்தது.

ஒரு நாள் தனியாக இருக்கும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. "தியேட்டர்ல கைத்தப்பு வந்தா அந்நேரம் சண்ட போட மாட்டோம் மக்கா. நோயாளிய மொதல்ல பாப்போம். எல்லாம் முடிஞ்ச பெறவு, ஆளத் தனியா கூப்பிட்டுச் சொல்லுவோம்." என் கையை ஒரு தட்டு தட்டினார். "இப்பம் சொல்லுகேன். இனி பெட்டி வைக்கதுக்கு முன்ன, சக்கரத்தக் கையால ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வை."

முதல் ஆட்டோ வாசலில் வந்து நின்ற நாள் நான் அங்கே இருந்தேன். சிஸ்டரும் டிரைவரும் மட்டும் பிடித்தார்கள். அண்ணன் கண்ணை மூடவில்லை. ஏறி உட்கார்ந்ததும் இடது கையால் ஆட்டோவின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, குழறின நாக்கில் "ரை...ட்" என்றார். சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அன்று இருந்த பெருமையை என் பிள்ளைகள் பரீட்சையில் ஜெயித்தபோதுகூட நான் அனுபவித்ததில்லை.

பிறகு ஆறு வருடம் அந்த வண்டி எத்தனை வீட்டுக்கு வழி வெட்டியது என்று உங்களுக்கே தெரியும். கல்லறைத் தோட்டத்து மேட்டை நிரவியதும் அதுதான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சிஸ்டர், "எல்லாம் ஸ்டீபனுக்க மூளையாக்கும்" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன், அடக்கம் என்று நினைத்தார்கள். திருப்புகிற சக்கரத்தைப் பின்னால் வைக்க எப்படித் தோன்றியது என்று கேட்டால், "அனுபவம்" என்பேன். அந்தப் பெயரால் எனக்கு வேலையும் வந்தது.

அடக்க ஆராதனையில் போதகரும் அதையே சொன்னார். சிஸ்டரின் ஆசையும் சகோதரர் ஸ்டீபனின் திறமையும் என்றார். ஒரு சின்ன ஆம்புலன்ஸ் அன்று காலை சிஸ்டரை வாசல் வரைக்கும் கொண்டுவந்து இறக்கியிருந்தது. டேனியல் அண்ணன் ஒரு கைத்தடியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் இருந்தது, விரல்கள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் பெருங்கடவிளையிலிருந்து ஒருவர் லேத்துக்கு வந்தார். அவருடைய அம்மாவைக் குன்றுக்கு மேலிருந்து தூக்கித்தான் இறக்குகிறார்களாம். சிஸ்டருடையது போல ஒரு வண்டி வேண்டும் என்றார். பிறகு எல்லோரும் கேட்பதையே அவரும் கேட்டார்: "ஓட்டுக சக்கரம் முன்னால, திருப்புக சக்கரம் பின்னால. இது ஒங்களுக்கு எப்பிடித் தோணிச்சு அண்ணே?"

"எனக்குத் தோணல்ல," என்றேன். "நான் பெட்டிய மாத்தி வச்சிட்டேன். தப்பு என்னுதாக்கும். அந்தத் தப்ப வண்டியாக்குனது லில்லிபாய் சிஸ்டரு."

சொன்ன பிறகு, அவர் எழுந்து வேறு லேத்துக்குப் போய்விடுவார் என்று காத்திருந்தேன். அவர் போகவில்லை. "செரி, எப்பம் தொடங்கலாம்?" என்றார்.

சிஸ்டரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, என் தப்பை என் வாயாலேயே சொல்லும் தைரியம். அது வர ஆறு வருடமும் ஒரு சாவும் ஆனது, ஆனாலும் வந்துவிட்டது. திங்கட்கிழமை வேலை தொடங்குகிறோம். பெட்டியை இந்த முறை தெரிந்தே திருப்பி வைக்கப் போகிறேன்.