எனக்காக ஓட வந்த ரன்னர்

பாதத்தில் ஆபரேஷன் ஆன பிறகு இன்றுதான் முதல் கிரிக்கெட் மேட்ச். கும்மிடிப்பூண்டி கிரவுண்டு.

காலைத் தாங்கித் தாங்கிப் போய், எனக்காக ஓட ஒரு ரன்னர் கேட்டேன். எதிர் டீம் கீப்பர் எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் குமார் அண்ணன். கம்பெனியில் எனக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்த புண்ணியவான்.

"பாவம்பா, குடுங்க" என்றார்.

முதல் பந்தே பேட்டில் நன்றாகப் பட்டது. எல்லாம் மறந்து நானே ஓடினேன். ரன்னர் ஒரு ரன் முடிப்பதற்குள் நான் இரண்டு முடித்திருந்தேன்.

குமார் அண்ணன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என் காலையே பார்த்தார்.

"இன்னா நைனா, காலு சரியாயிடுச்சு போலக்குது. நாளைலேர்ந்து லோடிங்ல நின்னுக்கினு வேலை பாரு."

நாளை நொண்டிக்கொண்டேதான் போகப்போகிறேன். ஆபரேஷன் ஆனது எந்தக் கால் என்று ஞாபகம் இருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.