வெற்றுச் சீட்டில் ஒரு கையெழுத்து

நெல்லித்தோப்பு ஜாஸ்லினைத் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் மீட்டர் அக்கா. மருந்துக்கான ரசாயனம் தயாரிக்கும் அந்த இடத்தில் இரண்டாள் உயரத்துக்குத் தொட்டிகள் நின்றன. கழுவவோ பழுதுபார்க்கவோ ஒருவர் உள்ளே இறங்குவதென்றால் முதலில் அவள் வரவேண்டும். மீட்டரின் குழாயை உள்ளே விட்டு மேலே, நடுவில், அடியில் என்று காற்றை அளப்பாள். ஆக்சிஜன் எவ்வளவு என்று உரக்கச் சொல்வாள். ஷிப்ட் சூப்பர்வைசர் விஜயராகவன் அதை அனுமதிச் சீட்டில் எழுதிக்கொள்வார். இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் இறங்கலாம். இதில் அவள் பயங்கரக் கறார். ஒருமுறை மேனேஜரே வந்து அவசரப்படுத்தியபோது, அப்படியானால் நீங்களே இறங்குங்கள் சார் என்று சொல்லிவிட்டாள். மனுஷன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

அப்பேர்ப்பட்டவள்தான் வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

விஜயராகவன் வீராம்பட்டினத்துக்காரர். ஆடி மாதம் அம்மன் தேர் அன்று காலையில் வந்து வருகைப் பதிவுக்கு ரேகை வைத்துவிட்டு, எழுதாத சீட்டுகள் ஐந்தில் கையெழுத்துப் போட்டு ஜாஸ்லினிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். வில்லியனூர் மாதா தேர் அன்று இது அவள் முறை. கையெழுத்துப் போட்ட வெற்றுச் சீட்டுகளோடு மீட்டரையும் அவரிடம் ஒப்படைப்பாள். அளந்து எழுத வேண்டியது அவர் பொறுப்பு. கேட்டில் நிற்பவருக்கும் இது பழகிப்போன விஷயம். ஒருவர் சாமிக்கு இன்னொருவர் செய்யும் உதவி என்றுதான் எல்லோரும் இதை நினைத்தார்கள். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. பத்து வருஷம் ஒரு குறையும் வரவில்லை. அவருடைய சீட்டுகள் கையில் இருக்கும் நாளில் அவள் ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு தடவை அளந்தாள். அவரும் அப்படித்தான் செய்வார் என்று நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவள் அப்பா இறந்தபோது பெட்டிக்குத் தோள் கொடுத்து கல்லறை வரைக்கும் வந்தவர் அவர்.

இந்த வருஷம் மாதா தேர் நகர்ந்துகொண்டிருந்தபோதே அவளுக்குப் போன் வந்தது. ஏழாம் தொட்டிக்குள் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி கோபிநாத் மயங்கி விழுந்துவிட்டான். நைட்ரஜன் குழாயைச் சரியாக அடைக்கவில்லை. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். இடுப்பில் கட்டியிருந்த கயிற்றால் இழுத்ததில் உயிர் பிழைத்தான். ஆனால் கைநடுக்கம் நிற்கவில்லை. நாலு அடி நடக்கவும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை விஜயராகவன் அவள் வீட்டுக்கு வந்து நின்றபடியே அழுதார். மீட்டரில் சார்ஜ் இல்லையாம். தொட்டி நேற்றிலிருந்து திறந்துதானே கிடக்கிறது என்று, வெளிக்காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அளவையே, இருபது புள்ளி எட்டு சதவீதம் என அவராகவே எழுதிவிட்டாராம்.

"நீ இல்லன்னு தெரிஞ்சா ரெண்டு பேரு வேலையும் போயிடும்மா. பிளான்ட்லதான் இருந்தேன்னு மட்டும் சொல்லிடு. மீட்டர் தப்பா காட்டிடுச்சின்னு மீதிய நான் பாத்துக்கறேன்."

அவளுக்கு வேலை போகிற பயமும் இருந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அழுகிற மனுஷனைப் பார்த்துத்தான் அவள் சரி என்றாள்.

விசாரணைக் கமிட்டி முன்னால் அவர் கேட்டுக்கொண்டபடியே சொன்னாள்: நான் அங்கேதான் இருந்தேன், கையெழுத்து என்னுடையதுதான். அடுத்து அதே அறையில் விஜயராகவனைக் கேட்டார்கள். மீட்டரைச் சோதித்ததில் அன்று எதையும் அளந்ததாகப் பதிவே இல்லையே, எப்படி என்றார்கள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"அளந்தது அந்தம்மாதான் சார். அவங்க சொன்ன நம்பர நான் எழுதுனேன். அளக்காமலே சொல்லிட்டாங்களோ என்னமோ, எனக்குத் தெரியல."

எண்களை எழுதுவது எப்போதும் சூப்பர்வைசர் என்பதால் அவர் எழுத்தில் யாரும் குற்றம் காணவில்லை. பதினாறு வருஷம் தங்கச்சி தங்கச்சி என்ற வாய், அந்தம்மா என்றது. அவள் பொய்யாலேயே அவளைக் கட்டிப்போட்டுவிட்டார் பாவி. ஜாஸ்லின் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். தேரோடு எடுத்த படங்களைப் போனில் காட்டினாள். வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டதையும் மறைக்கவில்லை. அப்படியானால் முதலில் சொன்னது பொய்யா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். இருவரையும் இடைநீக்கம் செய்தார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவளைக் கடந்து போனார்.

வேலையைவிட அவளை அரித்தது வேறு. மீட்டர் அக்கா அளக்காமல் விட்டாள் என்ற பேச்சு தொழிற்சாலை முழுக்கப் பரவியிருந்தது. யார் என்ன நினைத்தாலும் போகட்டும், கோபிநாத்துக்காவது நிஜம் தெரிய வேண்டும் என்று ஒரு மாதம் கழித்து நோணாங்குப்பத்தில் அவன் வீட்டைத் தேடிப் போனாள்.

அவன் மனைவி சுமலதா நாற்காலி போட்டாள். கோபிநாத் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஜாஸ்லின் ஒன்றையும் விடாமல் சொன்னாள். விஜயராகவன் வந்து அழுததை, கமிட்டி முன்னால் மாற்றிப் பேசியதை, கூடப்பிறந்தவர் மாதிரி நம்பியவர் கழுத்தறுத்துவிட்டதை. சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்தது.

கோபிநாத்துக்கு வார்த்தைகள் இப்போது மெதுவாகத்தான் வரும்.

"அவர எனக்கு எப்பவுமே நம்பிக்கை கெடையாதுக்கா. அதனாலதான் எறங்கறதுக்கு முன்னாடி சீட்ட வாங்கிப் பாத்தேன். ஒங்க கையெழுத்து இருந்துச்சு. அதான் எறங்குனேன்."