எடுத்தாச்சு

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் சிக்னல் மெக்கானிக். வீட்டில் சரியான சந்தேகப் பிராணி. கேஸை மூடியிருப்பார்; தெருமுனைவரை போய்விட்டு மறுபடி வந்து பார்ப்பார். "ஏங்க, அடுப்புக்குக் கால் முளைச்சு ஓடிடுமா?" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே போவார். அந்த மனுஷனா? இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

என் தம்பி ரயில் டிரைவர். அன்று காலை அவன் ஓட்டி வந்த பாசஞ்சர், நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. உதவி டிரைவர் அங்கேயே இறந்துபோனார். தம்பிக்கு இரண்டு காலும் நசுங்கிவிட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் ஒன்றையே சொன்னான்: "சிக்னல் பச்சைதான்க்கா. சத்தியமா பச்சைதான் எரிஞ்சுது."

விசாரணைக்கு வந்த அதிகாரி நம்பவில்லை. விபத்து நடந்ததும் போய்ப் பார்த்தார்களாம், சிவப்பு ஒழுங்காக எரிந்ததாம். "தூங்கிட்டியாப்பா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க சார்! கூட இருந்தவரைப் பறிகொடுத்துட்டுக் கிடக்கிறான், அவன் தலையிலயே பழியைக் கட்டுவீங்களா?"

"அவன் தூங்கல சார்." கதவோரம் நின்ற என் வீட்டுக்காரர்தான் சொன்னார்.

சிக்னல் ரிப்பேரின்போது, சோதித்துப் பார்க்கச் சிக்னல் பெட்டிக்குள் ஒரு துண்டு ஒயரைத் தற்காலிகமாக மாட்டுவார்களாம். அது இருக்கும்வரை, தண்டவாளத்தில் வண்டி நின்றாலும் பச்சைதான் எரியும். அன்று இவர் அந்தச் சிக்னலை ரிப்பேர் செய்துகொண்டிருந்தபோது, ஸ்டேஷன் மாஸ்டர் போனில், "ஒயரை எடுத்தாச்சா?" என்று கேட்டிருக்கிறார். அந்தத் துண்டு ஒயரைக் கழற்றியாச்சா என்று அர்த்தம். இவரோ மாற்ற வேண்டிய புது ஒயரை அப்போதுதான் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார். "எடுத்தாச்சு சார்" என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் அதை நம்பித் தம்பியின் வண்டியை வர விட்டுவிட்டார்.

"அப்புறம் சிவப்பு எப்படி வந்துச்சு?" என்றார் அதிகாரி.

"மோதின சத்தம் கேட்டதும் பதறிப்போய் அதைக் கழட்டிட்டேன் சார்."

அடப்பாவி மனுஷா! மூன்று நாளாக என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தம்பிக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாரே! அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தம்பிக்கு மட்டும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கண்ணீர் வழிய வழிய, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்: "அக்கா, கேட்டியா? பச்சைதானாம்க்கா! நான் தப்புப் பண்ணல! மச்சானே சொல்லிட்டாரு!"