மவுண்ட் ரோட்டுக் கல்யாண வீடு

குளத்தூர் வாசகசாலை நண்பர்களே,

இண்டர்வியூவுக்காக மெட்ராஸ் வந்திருக்கும் நானும் சுப்பையாவும் ராத்திரி மவுண்ட் ரோட்டைச் சுற்றிவிட்டு இப்போதுதான் அறைக்கு வந்தோம்.

ஒரு ஹோட்டல் முழுக்க வண்ண பல்புகள், உள்ளே பேண்டு வாத்தியம். நம்ம சுப்பையா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு வாசல் காவல்காரரிடம் போனான்.

"நாங்க மாப்பிள்ளை வீடுங்க. பந்தி எங்கிட்டு?"

"கல்யாணம் இல்லீங்க, சோடி சோடியா டான்ஸ் ஆடுறாங்க. பேச்சைப் பார்த்தா, நீங்க குளத்தூர்ப் பக்கமா?"

ஆமாம் என்றதும் அவர் முகம் வெளிறியது. அவரும் நம்ம பக்கம்தான்.

"வீட்டுல பேங்க்கு வேலைன்னு சொல்லியிருக்கேன். என்னையப் பார்த்ததாச் சொல்லிராதீங்க."

"எங்க அய்யா நான் ரூம்ல இண்டர்வியூவுக்குப் படிக்கிறேன்னு நெனைச்சுக்கிட்டிருக்காரு. நீங்களும் என்னையப் பாக்கலைங்க" என்றான் சுப்பையா.

சத்தியம் பண்ணிக்கொண்டோம்.

ஆகவே நண்பர்களே, இது வாசகசாலையைத் தாண்டக் கூடாது. இந்தக் கார்டை வழியிலேயே படித்துவிட்ட தபால்காரரே, நீங்களும் எதையும் பார்க்கவில்லை. சரிதானே?