கிளிப்பச்சை டிராக்டரும் என் ஆரஞ்சு வீம்பும்

வளைகுடாவில் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தே இருபத்திரண்டு வருடத்தை ஓட்டியவன் நான். கதவில் ஒரே ஒரு சொட்டு வழிந்து உறைந்திருந்தாலும், அடித்தவனைக் கூப்பிட்டு முழுக் கதவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வைப்பேன். அங்கே எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

ஊர் திரும்பி, புதுக்கடை என்கிற ஊருக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டத்தோடு அடங்கிய பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தோட்டத்தில் ஓட்டுகிற பழைய குட்டி டிராக்டர் எங்கே துருப்பிடித்துக் கிடந்தாலும் கொண்டுவந்து சரிசெய்வேன். கம்பெனியிலிருந்து இறங்கிய அன்று என்ன நிறமோ அதே நிறத்தை அடிப்பேன். டீசல் டேங்கைப் பிடித்திருக்கும் பட்டையைக் கழற்றி அடியில் சுரண்டினால் வண்டியின் பிறந்த நிறம் தெரிந்துவிடும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைச் சுரண்டாமல் இருந்தால் சரி என்பாள் என் மனைவி.

வளைகுடாவில் என்னோடு ஒரே அறையில் கிடந்த நண்பன் ஒருவன் கடற்கரைக்காரன். இப்போது சொந்த வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறான். அலை தாண்டி வரும் வள்ளத்தைக் கயிறு கட்டி மணலில் இழுத்து ஏற்ற ஒரு குட்டி டிராக்டர் வைத்திருந்தான். அதை ஓட்டுவது அவன் மனைவி. மழைக்காலத்தில் வள்ளம் ஓய்ந்திருந்தபோது இருவருமாக அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுபடி கடலுக்கு இறங்கும் முதல் நாள் வண்டி கரையில் நிற்க வேண்டும், அதுதான் அவர்கள் கேட்டது. நேரத்துக்கு இழுக்க ஆளில்லாமல் அலை வள்ளத்தைப் புரட்டினால் வலையும் எஞ்சினும் போய்விடும்.

வண்டி முழுக்கக் கிளிப்பச்சை. வருடாவருடம் வள்ளத்துக்கு அடித்த மிச்சத்தை இதற்கும் பிரஷ்ஷால் பூசியிருந்தார்கள். மட்கார்டுக்குக் கீழே மெழுகுவர்த்தி மாதிரி சொட்டுச் சொட்டாக வழிந்து உறைந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் அரித்தது.

"அண்ணா, பெயிண்டு இந்தப் பச்சையே போதும். மிச்சம் டப்பாவில இருக்கு, வேணும்னா தாறேன்" என்றாள் நண்பனின் மனைவி.

"தங்கச்சி, இது வள்ளத்துக்கு அடிக்கிற பெயிண்டு. வண்டிக்குப் பிறந்த நிறம்னு ஒண்ணு உண்டு."

"அது இருக்கட்டும். பச்சை போதும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டுக்கு வாசல் எதற்கு என்று யாரும் கொத்தனாருக்கு விளக்கிக்கொண்டிருப்பதில்லை.

பதினான்கு பூச்சு பச்சையைத் தேய்த்து எடுத்தேன். டேங்க் பட்டைக்கு அடியில் ஆரஞ்சு கிடைத்தது. பட்டையைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். பெயிண்ட் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எந்தக் கட்சிக்கு அண்ணாச்சி?" என்றார். எங்கள் மாவட்டத்தில் நிறம் வாங்குவது லேசான காரியமில்லை. ஆரஞ்சு ஒரு கூட்டம், சிவப்பு இன்னொரு கூட்டம், நீலமும் வெள்ளையும் கேட்டால் சிலுவை நட்ட குருசடிக்கா என்பார்கள். "கம்பெனிக்காரன் கட்சி" என்றேன். அப்படியொன்று எப்போது தொடங்கினார்கள் என்று அவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

ஆறு பூச்சு ஸ்பிரே. மேலே பாலிஷ். பானெட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். வண்டியைத் திரும்ப எடுக்க வந்த நண்பன் மரியாதைக்குச் சிரித்தான். அவன் மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கொள்ளாம் அண்ணா" என்றாள். நன்றாயிருக்கிறது என்றுதான் அர்த்தம்; ஆனாலும் அந்த 'கொள்ளாம்' எனக்குப் போதவில்லை.

கடலுக்கு இறங்கிய முதல் நாள், நாலு பேர் புகழ்வதைக் கேட்கலாம் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே கரைக்குப் போனேன். வள்ளங்கள் வரத் தொடங்கின. நண்பனின் வள்ளம் மட்டும் அலை உடையும் இடத்துக்கு அப்பால் நின்று இடமும் வலமுமாக அலைந்தது. அவன் மனைவியின் போன் அடித்தது. நான் நிற்கும் இடம் வரைக்கும் அவன் குரல் கேட்டது.

"ஏட்டி, வண்டிய கொண்டு வரல்லியா? நான் எங்க வந்து ஏறது?"

"இங்கதானே நிக்கேன்."

"அது அடுத்த வள்ளக்காரனுக்க வண்டி இல்லியா?"

அப்போதுதான் கவனித்தேன். ஐம்பதடி தள்ளி இன்னொரு ஆரஞ்சு டிராக்டர் நின்றது. நான் எதுவும் கேட்பதற்குள் ஆரஞ்சு வரி போட்ட வள்ளம் ஒன்று நேராக எங்களைப் பார்த்து வந்து கயிற்றை எறிந்தது. விழுந்த கயிற்றை இழுக்காமல் விடக்கூடாது, விட்டால் வள்ளம் புரளும். அவள் இழுத்தாள். அந்த வள்ளத்துக்கு உரிய வண்டிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"கடல்ல நின்னு பாத்தா ஆளு முகமா தெரியும் அண்ணா? வண்டிக்க நிறம்தான் தெரியும். அதப் பாத்துதான் வள்ளம் வரும்" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

வெளியே அலை பெருகிக்கொண்டிருந்தது. வலையை மூடிக் கிடந்த பச்சைத் தார்ப்பாய் ஒன்றை அவள் இழுத்துவந்தாள். ஒரு முனையை நான் பிடித்தேன். முகம் பார்க்கும் பானெட்டின் மேல் மண்ணும் செதிலுமாக அதை விரித்துக் கட்டினோம். உடனே கடலில் நண்பனின் வள்ளத்தின் மூக்கு நேராக எங்களை நோக்கித் திரும்பியது. வளைகுடாவில் அத்தனை வருடம் அடித்த எந்தக் காரும் என்னை அப்படித் தேடி வந்ததில்லை.

வள்ளம் பத்திரமாக மணலில் ஏறியது. நண்பன் குதித்து இறங்கி, என்னையும் தார்ப்பாயையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியா மக்கா?" என்று மட்டும் கேட்டான்.

அன்று மத்தியானமே சலவைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, என் ஆறு பூச்சின் மேல் பிரஷ்ஷால் பச்சையைப் பூசினேன். அவன் மனைவி டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். கடைசி மட்கார்டு முடிந்ததும் குனிந்து பார்த்தாள்.

"அண்ணா, கீழ ஒரு சொட்டு வழியுது. தொடச்சிரட்டா?"

"கிடக்கட்டும் தங்கச்சி" என்றேன்.